தள்ளிவிடும் விரலை நிறுத்துமா உங்கள் வீடு?

கண், கணக்கு, காகிதம்... ஆன்லைனில் வீடு விற்பவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று ‘க’க்கள்!

வீடு தேடும் படலம் பல குடும்பங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கணவர் கையில் ஒரு போன், மனைவி கையில் ஒரு போன். ‘சென்னை மடிப்பாக்கம், இரண்டு பெட்ரூம், 75 லட்சத்துக்குள், ரீசேல்’ என்று வடிகட்டி வைத்துக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். இருட்டான ஹால்... அடுத்தது. பாத்ரூமுக்கு மட்டும் மூன்று படம்... அடுத்தது. படமே இல்லை... அடுத்தது. கார்ப்பெட் ஏரியாவா, பில்டப் ஏரியாவா என்று தெரியாத 1,100 சதுர அடி... அடுத்தது. ஒரு வீட்டுக்குக் கிடைப்பது சில நொடிகள். அப்படித் தள்ளப்பட்ட வீட்டை நேரில் பார்த்திருந்தால் பிடித்துப்போயிருக்கலாம். ஆனால், நேரில் பார்க்க இனி அவர்கள் வரப்போவதில்லை.

2005-ல் 99ஏக்கர்ஸ், அடுத்த ஆண்டில் மேஜிக்பிரிக்ஸ், 2012-ல் ஹவுசிங் டாட் காம், அதன்பின் ‘புரோக்கரே வேண்டாம்’ என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வந்த நோபுரோக்கர் என இந்த இருபது ஆண்டுகளில் வீடு பார்க்கும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் நாலு வரி விளம்பரம் போதும். மீதியைப் புரோக்கர் பேசியே நிரப்பிவிடுவார். சுவர் அழுக்காக இருந்தால், ‘ஒரு கோட்டிங் அடிச்சா பளிச்சுனு ஆயிடும் சார்’ என்பார். ஜன்னலைத் திறந்து காட்டி, ‘காத்து எப்படி வருது பாருங்க’ என்பார். இன்று அவர் இடத்தில் பத்துப் பதினைந்து படங்களும் ஒரு பத்தி எழுத்தும் நிற்கின்றன. சமாளித்துப் பேச ஆள் இல்லை.

ஆன்லைனில் வாங்குபவர் செய்வது கழித்தல் கணக்கு. நூறு வீட்டைப் பத்தாக்குகிறார், பத்தை மூன்றாக்குகிறார். அந்த மூன்றுக்காக மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கிறார். அந்த மூன்றில் ஒன்றாக இருக்க, வீடு அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை; கழித்துக்கட்ட அவருக்குக் காரணம் கிடைக்காமல் இருந்தால் போதும். காரணங்களும் மூன்று வகைதான். கண்ணுக்குப் பிடிக்கவில்லை, கணக்கு புரியவில்லை, காகிதத்தில் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்: முதலில் எடுக்க வேண்டியது படமல்ல, பொருள்கள்!

அமெரிக்காவில் விற்கப்போகும் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது தனித்தொழில். சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ஸ் என்பவர் 1972-ல் அதற்கு வழிகாட்டினார் என்பார்கள். அங்கே சோபா, விளக்கு, ஓவியம் எல்லாம் வாடகைக்கு எடுத்து வைப்பதும் உண்டு. நம் வீடுகளுக்கு அது தேவையில்லை. நம்மிடம் பொருளுக்கா பஞ்சம்? எடுப்பதுதான் இங்கே அலங்காரம்.

முதலில் கண்ணில் படுவது வாசல். செருப்பு ஸ்டாண்டில் அடங்காமல் வழியும் செருப்புகள், கதவில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர்கள், காய்ந்த மாவிலைத் தோரணம் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். ஹாலில் மூன்று நான்கு காலண்டர் தொங்கினால் ஒன்றை மட்டும் விடுங்கள். டைனிங் டேபிள் மேல் மாத்திரைப் பெட்டி, கரன்ட் பில், ஹெல்மெட். ஃபிரிட்ஜ் மேல் பொம்மையும் மருந்துச் சீட்டும். நாற்காலி முதுகில் துண்டு. குடியிருப்பவர் கண்ணுக்கு இவை தெரிவதே இல்லை. படத்தில் இவை மட்டும்தான் தெரியும். பரணில் திறந்து கிடக்கும் அண்டா, மெத்தைச் சுருள், டிவி வாங்கிய அட்டைப்பெட்டி எல்லாம், ‘இந்த வீட்டில் பொருள் வைக்க இடம் போதவில்லை’ என்று வாங்குபவரிடம் சொல்லாமல் சொல்லும். உடைந்த பக்கெட்டையும் பிள்ளையின் பழைய சைக்கிளையும் அப்புறப்படுத்தினால், பால்கனி மறுபடி பால்கனி ஆகும்.

அடுத்தது உப்புக்கறை. சென்னையின் போர் தண்ணீர் குழாய், ஷவர், டைல்ஸ் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். பாத்ரூம் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் முதலில் பிடிப்பது இதைத்தான். எலுமிச்சையோ வினிகரோ போட்டு ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். போகாத குழாயை மாற்றிவிடலாம். சில நூறு ரூபாய் வேலை.

செலவு செய்வதில் ஒரு வரம்பு வேண்டும். ஒழுகும் குழாய், விட்டுவிட்டு எரியும் டியூப்லைட், மூடாத தாழ்ப்பாள், ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளஷ், உடைந்த சுவிட்ச் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். இவை சிறியவைதான். ஆனால், ‘கண்ணுக்குத் தெரிவதையே கவனிக்காதவர், உள்ளே என்னென்ன விட்டுவைத்திருக்கிறாரோ’ என்று வாங்குபவரை யோசிக்கவைப்பவை. அழுத்தமான ரோஸ், பச்சை அடித்த அறைகளுக்கு வெளிர் நிறத்தில் ஒரு கோட்டிங் தரலாம். விற்பதற்காகவே லட்சக்கணக்கில் மாடுலர் கிச்சன் போடுவது வீண். வருபவர் தன் ரசனைக்கு இடித்து மாற்றத்தான் போகிறார். சுவரில் ஓதம் இருந்தால் ஒழுகலை அடைத்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். ஓதத்தின் மேலேயே அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கு உரிந்துவரும். வாங்குபவரோடு வரும் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பூஜை அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை. பலர் அதைத் தேடித்தான் வருகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், பீரோ, மருந்துகள் ஆகியவை படத்தில் வரவே கூடாது. இது அழகுக்காக அல்ல. உங்கள் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

வாடகைக்கு ஆள் இருந்தால் அவர் சம்மதத்தோடுதான் படம் எடுக்க வேண்டும். ஒருநாள் முன்பே சொல்லி, அவருக்குத் தோதான நேரத்தில் போங்கள். நாளை வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறக்கப்போகிறவரும் அவர்தான். காலி வீடாக இருந்தால் வேறு சிக்கல். வெறும் அறை படத்தில் எவ்வளவு பெரியது என்றே தெரியாது. ஒரு கட்டில், ஒரு மேஜை போட்டால் கண்ணுக்கு அளவு பிடிபடும்.

வெயிலைக் கேட்டுப் படம் எடுங்கள்!

தனி கேமரா அவசியமில்லை. லென்ஸைத் துடைத்த போன் போதும். கிழக்கு பார்த்த கட்டடத்தின் முகப்பைக் காலையில் எடுக்க வேண்டும்; மேற்கு பார்த்ததை மாலை நான்கு மணிக்குமேல். உச்சி வெயிலில் சுவர் வெளுத்து, போர்ட்டிகோ இருண்டுவிடும். உள்ளறைகளுக்கு, ஜன்னல் வழியே நேர் வெயில் அடிக்காத, அதேசமயம் வெளிச்சம் நிறைந்த நேரம் நல்லது. திரைச்சீலைகளை ஒதுக்குங்கள். விளக்கு போட்டால் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் கலந்தால் சுவருக்குக் காமாலை வந்ததுபோலத் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். அறையின் ஒரு மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில், சுவரின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் எடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். டாய்லெட் மூடியை மூடுங்கள். கண்ணாடியில் லுங்கியோடு நிற்கும் உங்கள் உருவம் விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளம்பரங்களில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி அது. போனில் இருக்கும் அகலக் கோண லென்ஸை அளவோடு பயன்படுத்த வேண்டும். பத்துக்குப் பத்து பெட்ரூமைக் கல்யாண மண்டபமாகக் காட்டும் படத்தை நம்பி ஒருவர் பல்லாவரத்திலிருந்து பெரம்பூர் வரை வந்தால், கதவைத் திறந்த நிமிடமே அவர் முகம் மாறிவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பப்போவதில்லை.

வரிசையும் முக்கியம். தனி வீட்டுக்கு முகப்பும், ஃபிளாட்டுக்கு வெளிச்சமான ஹாலும் முதல் படமாக வரலாம். அடுத்து கிச்சன், படுக்கையறைகள், ஒரே ஒரு பாத்ரூம் படம், பால்கனி, பால்கனியிலிருந்து தெரியும் காட்சி. பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்குபவர் பார்க்க விரும்புவது இன்னும் இருக்கிறது: படிக்கட்டு, லிஃப்ட், கார் நிற்கும் இடம், மீட்டர் பெட்டி, மொட்டை மாடி, முக்கியமாகத் தெரு. 30 அடிச் சாலையா, ஆட்டோ நுழைந்தால் எதிர்வண்டி ஒதுங்க முடியாத சந்தா என்பதை ஒரு படம் சொல்லிவிடும். கார் பார்க்கிங்கை, உள்ளே கார் நிற்கும்போதே எடுங்கள்.

கூடவே அளவுகளோடு ஒரு தரைப்படம். இன்ஜினீயர் போட்ட பழைய பிளான் இருந்தால் அதன் அறை அமைப்பு மட்டும் தெரியும்படி ஒரு படம். இல்லையென்றால் கோடு போட்ட தாளில் கையால் வரைந்தாலும் சரி. ‘மாமியாரின் கட்டில் இந்த ரூமில் போடலாமா, பீரோ கதவு திறக்குமா’ என்று குடும்பம் உட்கார்ந்து பேசத் தொடங்குவது அதைப் பார்த்த பிறகுதான். அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால் உங்கள் வீடு அந்த மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

வீடியோ எடுத்தால் கேட்டில் தொடங்கிப் பால்கனி வரை வெட்டாமல் நடந்துபோய் எடுங்கள். பின்னணியில் சினிமா பாட்டு வேண்டாம். ‘இது கிழக்கு, இது கிச்சன், இங்கே வாஷிங் மெஷின் பாயின்ட்’ என்று உங்கள் குரலே போதும். சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருந்து இங்கே வீடு தேடுபவர்களுக்கு இந்த வீடியோதான் முதல் சைட் விசிட். அவர்கள் பார்த்துப் பிடித்த பிறகுதான் ஊரிலிருக்கும் அப்பாவோ மச்சானோ நேரில் வருவார்.

இப்போது காலி அறைக்குள் சோபாவும் செடியும் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள் வந்துவிட்டன. சுவர் விரிசலை மறைப்பதும், எதிரில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழிப்பதும் ஒரு தட்டில் முடிந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் இப்படி மாற்றிய படத்தை விற்பனை விளம்பரத்தில் போடும் ஏஜென்டுகள், மாற்றியிருப்பதைச் சொல்லவேண்டும் என்று 2026 ஜனவரி முதல் சட்டமே அமலாகியிருக்கிறது. நம் ஊரில் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அழித்த டிரான்ஸ்ஃபார்மர் வாசலில் அப்படியேதான் நிற்கும். வருபவர் அதைப் பார்க்கத்தான் போகிறார்.

கணக்கு: எந்தச் சதுர அடி?

படம் பிடித்துப்போனவர் அடுத்துப் பார்ப்பது எண்களை. இங்கேதான் பெரும்பாலான விளம்பரங்கள் வழுக்குகின்றன. ‘1,020 சதுர அடி’ என்று மட்டும் போட்டால் அது எந்த 1,020? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா எது என்று தெளிவாகச் சொல்கிறது. வீட்டுக்குள் பயன்படுத்தும் தரைப்பரப்பும் உட்சுவர்களும் அதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் பாதைகள், பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேராது. ரீசேல் வீட்டை விற்கும் தனிநபர் திட்டப் பதிவு செய்யவேண்டியதில்லை என்றாலும், வாங்குபவர் இப்போது அந்த அளவுகோலோடுதான் வருகிறார். ஆகவே கார்ப்பெட் ஏரியா, பொதுப்பகுதியும் சேர்ந்த விற்பனைப் பரப்பு, யுடிஎஸ் எனப்படும் நிலத்தின் பிரிபடாத பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள்.

பழைய ஃபிளாட்டுக்கு யுடிஎஸ்தான் உயிர். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வழிசெய்த பிறகு, 25, 30 வருட வீடுகளுக்கு இந்தக் கேள்வியின் கனம் கூடிவிட்டது. உங்கள் யுடிஎஸ் நன்றாக இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

திசையிலும் குழப்பம் வரும். அபார்ட்மென்ட் கேட் வடக்கு பார்த்திருக்கும். உங்கள் வீட்டு வாசல் மேற்கு பார்த்திருக்கும். விளம்பரத்தில் ‘நார்த் ஃபேசிங்’ என்று போட்டுவிட்டு, வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்தால் இருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். வீட்டு வாசல் எந்தத் திசை என்பதை எழுதுங்கள்.

விலைக்கு வருவோம். தளங்களில் தேடுபவர் உச்ச விலையைக் குறித்துவிட்டுத்தான் தேடுகிறார். 75 லட்சம் வரை என்று வடிகட்டியவர் கண்ணுக்கு, 76 லட்சம் என்று போட்ட வீடு தெரியவே தெரியாது. பேரத்தில் எப்படியும் ஒரு லட்சம் குறைக்கத் தயார் என்றால், 75 என்றே போடுவதுதான் புத்திசாலித்தனம்.

வாங்குபவர் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதையும் விற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன்களில், வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கிடைக்கும். 75 லட்சம் வீட்டுக்கு 60 லட்சம் கடன் கிடைத்தால், மீதி 15 லட்சம் கைப்பணம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிவு செய்தால் 6.75 லட்சம். மொத்தம் 21.75 லட்சம் அவர் கையில் இருக்க வேண்டும். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு 5 லட்சத்துக்கும், 80 சதவீதக் கடன் போக அவர் கையிலிருந்து இன்னும் ஒரு லட்சமும், பதிவுக்கு 45,000 ரூபாயும் போகிறது. பேரம் பேசும்போது அவர் ஏன் அப்படி இழுக்கிறார் என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

‘ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு’ என்ற பழைய பேச்சும் எடுபடுவது குறைந்துவருகிறது. கடன் வாங்கி வருபவருக்கு முழுத்தொகையும் கணக்கில் வந்தால்தான் வசதி. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆகப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தருவார். ‘முழுவதும் செக்’ என்று விளம்பரத்தில் ஒரு வார்த்தை இருந்தால், கடனில் வாங்குகிறவர்களுக்கு அது தனி ஈர்ப்பு.

‘சைவம் மட்டும்’, ‘குறிப்பிட்ட சமூகத்தினர் மட்டும்’ என்று விற்பனை விளம்பரத்திலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். விற்றுவிட்டுப் போகப்போகிற வீட்டில் இனி யார் என்ன சமைத்தால் என்ன? மனிதர்களைப் பிரிக்கும் கெட்ட பழக்கம் என்பது ஒருபுறம். வாங்க வருபவர்களை விற்பவரே கழித்துவிடும் அசட்டுத்தனம் இன்னொருபுறம்.

சென்னையின் கேள்வி: தண்ணி வருமா... தண்ணி வந்ததா?

கோடையில் தண்ணீர் வருமா, மழையில் தண்ணீர் வந்ததா? சென்னையில் வீடு பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் இரண்டு கேள்விகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியதையும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்கு வரிசையில் நின்றதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். விளம்பரத்தில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் எத்தனை அடி, சம்ப் எவ்வளவு கொள்ளும், ஏப்ரல் மே மாதங்களில் லாரி வாங்குகிறீர்களா, அந்தச் செலவு மாதப் பராமரிப்பில் அடங்குமா என எல்லாவற்றையும் எழுதலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயமான மழைநீர் சேகரிப்பு உங்கள் கட்டடத்தில் நிஜமாகவே வேலை செய்கிறதென்றால் அதையும் எழுதுங்கள். 2015-ல் தண்ணீர் வந்திருந்தால் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வாட்ச்மேனிடம் கேட்டாலே தெரிந்துவிடுகிற விஷயம் இது. அவர் வாயால் தெரிந்தால் விலை அடிபடும். உங்கள் வாயால் தெரிந்தால் நம்பிக்கை வரும்.

காகிதம்: பத்திரம் தயாரா?

எல்லாம் பிடித்துப்போய், டோக்கன் அட்வான்ஸ் வரை வந்த விற்பனை பத்திரத்தில் நின்றுபோவது உண்டு. வாங்குபவருக்கு வக்கீல் ஒருவர், அவர் வங்கிக்கு வக்கீல் இன்னொருவர் என இரண்டு பேர் பார்ப்பார்கள். எனவே விளம்பரம் போடும் முன்பே ஃபைலைத் தயார் செய்யுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், இன்றைய தேதிவரை வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அனுமதி, சொத்துவரி ரசீது, கரன்ட் பில், அசோசியேஷனிலிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். அப்பா பெயரில் இருக்கும் வீடாக இருந்து அவர் காலமாகிவிட்டால், வாரிசுச் சான்றிதழும் கூடப்பிறந்தவர்களின் சம்மதமும் முதலில் கைக்கு வரட்டும். தங்கை கையெழுத்து போடுவாரா என்று தெரியாமல் வீட்டுக்குப் படம் எடுத்து என்ன பயன்?

வீட்டின் மேல் கடன் இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடனோடு இருக்கும் வீட்டை விற்க வழியுண்டு. வாங்குபவரின் வங்கியே உங்கள் கடனைக் கட்டிப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளும் முறை நடைமுறையில் இருக்கிறது. முழுக் கடனையும் கட்டி முடித்த 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது.

விளம்பரத்தில் ‘இன்னின்ன ஆவணங்கள் தயார்’ என்ற பட்டியல் போதும். பத்திரத்தையோ ஆதாரையோ படம் பிடித்துத் தளத்தில் ஏற்றாதீர்கள். நேரில் வந்து, வீடு பிடித்து, பேச்சு முன்னேறிய பிறகு நகல் கொடுக்கலாம்.

இப்படியும் எழுதலாம்... அப்படியும் எழுதலாம்!

ஒரே வீட்டுக்கு இரண்டு விளம்பரங்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாவது: “மடிப்பாக்கத்தின் இதயப் பகுதியில் அருமையான சொகுசு வீடு! பள்ளி, கோயில், ஹாஸ்பிடல் அனைத்தும் மிக அருகில்! நல்ல காற்றோட்டம், 24 மணி நேரத் தண்ணீர், 100% வாஸ்து! உடனே அழையுங்கள்! விலை நேரில்!”

இரண்டாவது: “மடிப்பாக்கம், பிரதான சாலையிலிருந்து இரண்டாவது தெரு. 8 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் முதல் மாடி, லிஃப்ட் உண்டு. வயது 11. இரண்டு படுக்கையறை. கார்ப்பெட் ஏரியா 745 சதுர அடி, விற்பனைப் பரப்பு 1,020, யுடிஎஸ் 510. வீட்டு வாசல் கிழக்கு. ஹாலில் காலை வெயில் வரும். பின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். மூடிய கார் பார்க்கிங் ஒன்று. மெட்ரோ வாட்டர், போர் இரண்டும் உண்டு; மே மாதத்தில் லாரி வாங்குவோம், மாதப் பராமரிப்பு 2,500-ல் அதுவும் அடக்கம். 2015-ல் பார்க்கிங் வரை தண்ணீர் வந்தது, மாடிக்கு வரவில்லை. வங்கிக் கடன் 6 லட்சம் பாக்கி, அசல் பத்திரங்கள் வங்கியில், நகல்கள் தயார். விலை 75 லட்சம், முழுவதும் செக். பார்க்க: சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை.”

முதல் விளம்பரத்தில் ஐந்து ஆச்சரியக்குறிகள். தகவல் என்று பார்த்தால் ஊர்ப்பெயர் மட்டும். ‘விலை நேரில்’ என்றதும் பாதிப்பேர் தள்ளிவிடுவார்கள். இரண்டாவது விளம்பரம் குறைகளையும் சொல்கிறது. அதைப் படித்தும் ஒருவர் போன் செய்தால், அவர் ஜன்னல் சுவரையும் பார்க்கிங் வெள்ளத்தையும் ஏற்றுக்கொண்டுதான் வருகிறார். முதல் விளம்பரம் முப்பது போன் கால்களைக் கொண்டுவரலாம். இரண்டாவது ஆறுதான் கொண்டுவரலாம். விற்பனை அந்த ஆறில்தான் இருக்கிறது. ‘மிக அருகில்’ என்று எழுதுவதைவிட, ‘மெட்ரோ நிலையத்துக்கு நடந்து 12 நிமிடம்’ என்று நீங்களே ஒருமுறை நடந்து பார்த்து எழுதுவது மேல்.

எச்சரிக்கை: ‘ராணுவத்தில் இருக்கிறேன் சார்!’

விளம்பரம் போட்ட சில மணி நேரத்திலேயே ஓர் அழைப்பு வரலாம். ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ அதிகாரி என்பார். வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்பார், பேரமே பேசமாட்டார். உடனே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்புவார். சீருடை போட்ட அடையாள அட்டைப் படமும் கூடவே வரும். அந்தக் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ ‘பின்’ நம்பரைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பணம் வாங்குவதற்கு ‘பின்’ நம்பர் ஒருபோதும் தேவையில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். விளம்பரத்துக்கென்று தனி சிம் வைத்துக்கொள்வதும் நல்லது. வீடு பார்க்க முன்பின் தெரியாதவர் வரும்போது வீட்டில் ஒருவர் மட்டும் தனியாக இருக்க வேண்டாம்.

எப்போது போடலாம்?

ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குபவர்கள் இன்றும் நிறையப் பேர். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. அதுபோன்ற மங்கல நாள்களில் கூட்டத்தைச் சமாளிக்கப் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தருகிறது. எனவே ஆடியை வீட்டைத் தயார்செய்யும் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். பரணை ஒழித்து, குழாயை மாற்றி, வில்லங்கம் எடுத்து, படம் பிடித்து, ஆவணி பிறந்ததும் விளம்பரத்தை ஏற்றலாம். மார்கழிக்கும் தைக்கும் இதே கணக்குதான்.

அரைகுறையாக ஏற்றிவிட்டுப் பிறகு படம் சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பகுதியில் மும்முரமாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் புது விளம்பரத்தை வந்த உடனேயே பார்த்துவிடுகிறார்கள். ஒருமுறை தள்ளிய வீட்டை அவர்கள் திரும்பப் பார்ப்பது அரிது. போன் வந்தால் எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் அன்றே திருப்பிக் கூப்பிடுங்கள். கேள்விகள் வருகின்றன, ஆனால் ஆள் வரவில்லை என்றால் விலையைப் பாருங்கள். ஆள் வருகிறார், ஆனால் திரும்பப் பேசவில்லை என்றால், படத்துக்கும் வீட்டுக்கும் எங்கோ பொருந்தவில்லை. கேள்வியே வரவில்லை என்றால் முதல் படத்தை மாற்றுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி அட்வான்ஸ் கைக்கு வந்தவுடன் எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஹால் படத்தைத் திருடி, அதே வீட்டை வாடகைக்கு விடுவதாகச் சொல்லி யாரிடமாவது அட்வான்ஸ் கறக்க ஒரு மோசடிக்காரருக்கு அந்தப் பழைய விளம்பரம் போதும். நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த படம் உங்கள் வேலையை முடித்துவிட்டது. வேறொருவர் வேலைக்கு அதை விட்டுவைக்காதீர்கள்.